மீண்டும் மீண்டும் நிறுவப்படும் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்: காரணம் அறிந்து திருத்துதல்

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்

1. அறிமுகம்

பணிசெயல் முறைமையிற் காணப்படும் பாதுகாப்புக் குறைபாட்டை நீக்குவதற்காக அதன் தயாரிப்பு நிறுவனம் வெளியிடும் திருத்தம் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் எனப்படும். விண்டோஸ் பணிசெயல் முறைமைக்கான இற்றைப்படுத்தல்கள் 'கேபி' எனத் தொடங்கும் இலக்கங்களால் இனங்காணப்படுகின்றன. ஓர் இற்றைப்படுத்தல் ஒரு முறை சரியாக நிறுவப்பட்டால் அதன் வேலை முடிந்துவிட வேண்டும். ஆயினும் சில கணினிகளில் அதே இற்றைப்படுத்தல் நாள்தோறும் மீண்டும் நிறுவப்படுவதை அவதானிக்கலாம்.

வட்டக்கச்சியிலுள்ள ஒரு மாணவர் கைத்தொலைபேசித் தரவின் மூலம் தமது வீட்டுக் கணினியை இணையத்துடன் இணைக்கிறார் எனக் கொள்வோம். 300 மெகாபைற்று அளவுள்ள இற்றைப்படுத்தல் ஒன்று 30 நாட்களும் மீண்டும் பதிவிறக்கப்படுமாயின்,

300 × 30 = 9000 மெகாபைற்று
9000 ÷ 1024 = 8.79 கிகாபைற்று (அண்ணளவாக)

பாடங்களைத் தேடிப் படிப்பதற்கு வாங்கிய தரவு இவ்வாறு வீணாகும். இதனாற் சலிப்படைந்து இற்றைப்படுத்தல் முழுவதையும் நிறுத்திவிடுவோர் உளர். அது தவறான தீர்வாகும். 2017 மே 12 இல் உலகெங்கும் பரவிய 'வனாகிரை' என்னும் பணயத் தீம்பொருள், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரித்தானியாவின் அரச வைத்தியசாலைகளும் பாதிக்கப்பட்டன. அது பயன்படுத்திய குறைபாட்டுக்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2017 மார்ச் 14 இலேயே, அதாவது 59 நாட்களுக்கு முன்னரே, வெளியிட்டிருந்தது. அத்திருத்தத்தை நிறுவாத கணினிகளே அதற்கு இலக்காகின. எனவே நிறுத்த வேண்டியது இற்றைப்படுத்தலை அன்று; அது மீள நிகழ்வதற்கான காரணத்தையே ஆகும்.

2. மீள்செயலாக நோக்குதல்

நெறிமுறை பற்றிய பாடத்தில் மீள்செயலைக் கற்றிருப்பீர்கள். இற்றைப்படுத்தலும் அவ்வாறானதே.

படி 1: குறித்த இற்றைப்படுத்தல் கணினியில் உள்ளதா எனச் சோதி.
படி 2: ஆம் எனின் நிறுத்து.
படி 3: இல்லை எனின் பதிவிறக்கி நிறுவு.
படி 4: படி 1 இற்குச் செல்.

படி 1 இற்கு 'ஆம்' என்னும் விடை ஒருபோதும் கிடைக்காவிடின் இம்மீள்செயல் முடிவுறாது. ஆகவே "சோதனைக்கு ஏன் 'இல்லை' என்றே விடை வருகின்றது?" என்பதே நாம் கேட்க வேண்டிய வினாவாகும்.

இதனை வயலுக்கு நீர் பாய்ச்சுவதோடு ஒப்பிடலாம். இரணைமடுக் குளத்தின் துருசு திறக்கப்பட்டும் கடைசி வயலுக்கு நீர் சேரவில்லை எனச் செய்தி வந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். வாய்க்கால் உடைந்து நீர் உண்மையிற் சேராதிருக்கலாம். அல்லது நீர் சேர்ந்திருந்தும், பார்க்கச் சென்றவர் வேறொரு வயலைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். இரண்டாவதாயின் வாய்க்காலைத் திருத்துவதாற் பயனில்லை.

3. மூன்று நிலைகளைப் பிரித்தறிதல்

முதலில் அமைப்புகளில் உள்ள இற்றைப்படுத்தல் வரலாற்றைத் திறந்து இலக்கம், பதிப்பு, திகதி, பெறுபேறு ஆகிய நான்கையும் குறித்துக்கொள்க.

நிலை அ – இலக்கம் ஒன்று, பதிப்பு வேறு: இது வழு அன்று. விண்டோசுடன் வரும் டிபென்டர் நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளின் வரைவிலக்கணங்கள் கேபி2267602 என்னும் ஒரே இலக்கத்துடன் அடிக்கடி வரும். ஆனால் பதிப்பிலக்கம் ஒவ்வொரு முறையும் மாறும்.

நிலை ஆ – ஒவ்வொரு முறையும் 'தோல்வி': நிறுவல் முற்றுப்பெறவில்லை. 2024 சனவரி 9 இல் விண்டோஸ் 10 இற்கு வெளியான கேபி5034441 இதற்கு நல்ல உதாரணமாகும். அதனை நிறுவ, வன்தட்டின் மீட்புப் பிரிவில் 250 மெகாபைற்று வெற்றிடம் தேவைப்பட்டது. அப்பிரிவு சிறிதாக இருந்த கணினிகளில் நிறுவல் மீண்டும் மீண்டும் தோல்வியுற்றது. இடம் போதாது எனக் கூறுவதற்குப் பதிலாக 0எக்ஸ்80070643 என்னும் பொதுவான வழுக்குறியீடே காட்டப்பட்டது. எனவே வழுச்செய்தி உண்மைக் காரணத்தை எப்போதும் நேரடியாகக் கூறும் என எண்ணலாகாது.

நிலை இ – 'வெற்றி', ஆயினும் மீண்டும் வருகின்றது: சோதனையிலோ கணினியின் பதிவுகளிலோ குறை உண்டு. 2012 மே மாதத்தில் விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் பலவற்றில் டொட் நெட் மென்பொருளுக்கான கேபி2518864, கேபி2572073, கேபி2633880 ஆகிய மூன்றும் நிறுவப்பட்ட பின்னரும் மீண்டும் மீண்டும் முன்வைக்கப்பட்டன.

4. திருத்தும் படிமுறைகள்

இலகுவானதும் தீங்கற்றதுமான படியை முதலிற் செய்க. ஒவ்வொரு படியின் பின்னரும் வரலாற்றைப் பார்க்க.

(1) 'மீளத் தொடக்கு' என்பதைத் தெரிவு செய்க. விண்டோஸ் 8 முதல் உள்ள விரைவுத் தொடக்க வசதி இயங்குநிலையிலிருப்பின், 'நிறுத்து' என்பதால் முறைமை முழுமையாக மூடப்படாது. மீளத் தொடக்கும்போதே அது முழுமையாக மூடிப் புதிதாகத் தொடங்கும்.

(2) திகதியையும் நேரத்தையும் சரிபார்க்க. பழைய கணினிகளின் தாய்ப்பலகையிலுள்ள சிறு மின்கலம் செயலிழந்தால் திகதி பின்னோக்கிச் செல்லும். அப்போது பாதுகாப்பான இணைய இணைப்பு ஏற்படாது.

(3) வன்தட்டில் போதிய வெற்றிடம் உள்ளதா எனப் பார்க்க.

(4) விண்டோசில் உள்ள இற்றைப்படுத்தல் பிரச்சினை தீர்க்கும் கருவியை இயக்குக.

(5) விண்டோஸ் அப்டேற் சேவையை நிறுத்துக. விண்டோஸ் கோப்புறையினுள் 'சொப்ட்வெயார்டிஸ்ரிபியூசன்' என்னும் கோப்புறை உண்டு. அதன் 'டவுன்லோட்' உபகோப்புறையில் உள்ளவற்றை அழித்து, சேவையை மீளத் தொடக்குக. மின்தடையினாற் பழுதடைந்த பதிவிறக்கங்கள் இதனால் நீங்கும்.

(6) முறைமைக் கோப்புகளைச் சோதிக்கும் 'எஸ்எப்சி' கட்டளையை இயக்குக.

(7) இவற்றாலும் தீராவிடின் அந்த ஓர் இற்றைப்படுத்தலை மாத்திரம் மறைத்துவைத்து, தயாரிப்பு நிறுவனம் திருத்தம் வெளியிடும்வரை காத்திருக்க. ஏனையவற்றை நிறுத்த வேண்டாம்.

தரவு வீணாவதைக் குறைக்க, விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் கைத்தொலைபேசி இணைப்பை 'அளவிடப்படும் இணைப்பு' எனக் குறித்து வைக்கலாம்.

எச்சரிக்கை: வன்தட்டுப் பிரிவின் அளவை மாற்ற முன்னர் கோப்புகளைக் காப்பெடுத்தல் கட்டாயமாகும். பாடசாலைக் கணினிகளில் (5) முதல் (7) வரையான படிகளை ஆசிரியரின் அனுமதியுடனேயே செய்க.

5. மாதிரி வினா

மூன்று கணினிகளின் இற்றைப்படுத்தல் வரலாறு வருமாறு:

கணினி 1: ஒரே இலக்கம், மூன்று நாட்கள், மூன்று வெவ்வேறு பதிப்புகள், வெற்றி.
கணினி 2: ஒரே இலக்கம், ஒரே பதிப்பு, மூன்று நாட்களும் தோல்வி.
கணினி 3: ஒரே இலக்கம், ஒரே பதிப்பு, மூன்று நாட்களும் வெற்றி.

(அ) வழு இல்லாத கணினி எது? காரணம் தருக.
(ஆ) கணினி 2 இல் முதலிற் சோதிக்க வேண்டிய இரண்டு விடயங்களைக் கூறுக.
(இ) கணினி 3 இன் நிலையை மீள்செயலின் அடிப்படையில் விளக்குக.
(ஈ) இற்றைப்படுத்தலை முழுமையாக நிறுத்துவது ஏன் பொருத்தமற்றது?

விடைகள்

(அ) கணினி 1. ஒவ்வொரு முறையும் புதிய பதிப்பே நிறுவப்பட்டுள்ளது.
(ஆ) வன்தட்டு வெற்றிடம், திகதியும் நேரமும்.
(இ) நிறுவல் முற்றுப்பெற்றும், உள்ளதா என்னும் சோதனைக்கு 'இல்லை' என்னும் விடையே கிடைப்பதால் மீள்செயல் முடிவுறவில்லை.
(ஈ) பின்னர் கண்டறியப்படும் குறைபாடுகளும் திருத்தப்படாது போகும். தீம்பொருள் அவற்றினூடாக உட்புகலாம்.

நினைவிற் கொள்க: (இ) பகுதிக்கு "கணினி பழுது" என்று மட்டும் எழுதினால் புள்ளி கிடைக்காது. எந்தப் படியில், எந்த விடை பிழையாக வருகின்றது என்பதைக் குறிப்பிட்டு எழுதுக.