தண்டவாளம் போன வழியில்

கேள்வி: ரயில் நின்றுபோன பழைய பாதையில் நானும் மனைவியும் சனி, ஞாயிறில் நிதானமாக சைக்கிள் ஓட்ட ஆசை. போடி லைன் சரிப்படுமா?
வாசகர், உசிலம்பட்டி

பதில்: போடி லைனை விட்டுவிடுங்கள். 2010 கடைசியில் மீட்டர்கேஜ் நின்றது உண்மைதான். ஆனால் அகலப்பாதையில் 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் ரயில் வந்துவிட்டது. தண்டவாளத்தில் நடமாடுவதே குற்றம்.

தனுஷ்கோடிக்குப் போங்கள். பாம்பனிலிருந்து அங்கே சென்ற தண்டவாளத்தை 1964 டிசம்பர் புயல் அழித்தது; ஸ்டேஷனின் இடிந்த சுவர்களை இன்றும் பார்க்கலாம். அங்கிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை, இருபுறமும் கடல். அடடா, என்ன வழி அது! மேடு கிடையாது, காற்றுதான் பொல்லாதது. எதிர்க்காற்றில் சமதரையும் மலையாகிவிடும். விடிந்ததும் கிளம்புங்கள், நிழல் அரிது. தண்ணீரை ராமேஸ்வரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். துணைவியார் முன்னால் போகட்டும். வேகத்தை அவரே முடிவு செய்யட்டும்.