மாணவர் பகுதி: உப்புக்கல் கற்றுத்தரும் அயனிப் பிணைப்பு



நமது மாலை வகுப்புக்கு வரும் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அயனிப் பிணைப்பு என்றால் என்ன என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "சோடியம் ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது." பதில் தவறில்லை, ஆனால் பாதிதான். ஏன் கொடுக்கிறது, கொடுத்தபின் இரண்டும் ஏன் பிரியாமல் இருக்கின்றன என்று அடுத்துக் கேட்டால் மௌனம்தான். பதினோராம் வகுப்பு வேதியியலுக்கு அந்த மீதிப் பாதியே அஸ்திவாரம். அது உறுதியாக அமையாததால் அறிவியல் பிரிவே வேண்டாம் என்று ஒதுங்கும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். எனவே சமையலறை உப்பை வைத்தே அதை விளக்க முயல்கிறோம்.

அணு வேறு, அயனி வேறு

சோடியம் கத்தியால் வெட்டக்கூடிய மென்மையான உலோகம். தண்ணீர் பட்டால் கடுமையாக வினைபுரியும் என்பதால் அதை மண்ணெண்ணெயில் வைத்துப் பாதுகாப்பார்கள். குளோரின் நச்சு வாயு. முதல் உலகப் போரில், 1915இல், பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே அது ஆயுதமாகவே பயன்படுத்தப்பட்டது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் நாம் தினமும் உண்ணும் உப்பு.

இது எப்படி? சோடியம் அணுவில் 11 புரோட்டான்கள், 11 எலக்ட்ரான்கள் உள்ளன. எலக்ட்ரான்களின் அமைப்பு 2, 8, 1. கடைசி ஒன்று போய்விட்டால் எலக்ட்ரான்கள் 10. புரோட்டான்களோ அதே 11. ஆகவே ஒரு நேர்மின்சுமை மிஞ்சுகிறது. குளோரினின் அமைப்பு 2, 8, 7. ஒன்று வந்து சேர்ந்தால் எலக்ட்ரான்கள் 18, புரோட்டான்கள் 17. அது எதிர்மின் அயனி. புரோட்டான்களின் எண்ணிக்கை மாறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். மாறியது ஓர் எலக்ட்ரானின் இடம் மட்டுமே. அதனாலேயே பொருளின் குணம் முழுவதும் மாறிவிட்டது.

யார் இழுப்பது?

பிணைப்பில் உள்ள எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் திறனே எலக்ட்ரான் கவர்தன்மை. 1932இல் அமெரிக்க அறிஞர் லைனஸ் பாலிங் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார். அதில் ஃபுளூரின் 3.98, குளோரின் 3.16, ஹைட்ரஜன் 2.20, சோடியம் 0.93.

இரண்டு குளோரின் அணுக்களுக்கு இடையே வேறுபாடு பூஜ்ஜியம். சம இழுப்பு, சமப் பங்கு. ஹைட்ரஜனுக்கும் குளோரினுக்கும் வேறுபாடு 0.96, பங்கு உண்டு, ஆனால் குளோரின் பக்கம் சாய்ந்த பங்கு. சோடியத்துக்கும் குளோரினுக்கும் வேறுபாடு 2.23, இங்கே எலக்ட்ரான் ஏறத்தாழ முழுமையாகவே குளோரினிடம் போய்விடுகிறது.

வேறுபாடு 1.7க்கு மேல் இருந்தால் அயனிப் பிணைப்பு என்று பாடத்தில் படிப்பீர்கள். அது ஒரு வழிகாட்டி மட்டுமே. ஹைட்ரஜன் ஃபுளூரைடில் வேறுபாடு 1.78 இருந்தும் அது சகப்பிணைப்புச் சேர்மம்தான்.

வரவு செலவுக் கணக்கு

சோடியம் எலக்ட்ரானைத் தானாக முன்வந்து தந்துவிடுவதில்லை. ஆவி நிலையில் உள்ள ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க 496 கிலோ ஜூல் செலவாகிறது. ஒரு மோல் குளோரின் அணுக்கள் அதை ஏற்கும்போது 349 கிலோ ஜூல் வரவு. ஆக, 147 கிலோ ஜூல் துண்டு விழுகிறது. கொடுக்கல் வாங்கலோடு கணக்கை முடித்தால் நட்டம்தான்.

ஈடு செய்வது அதற்குப் பின் நடப்பது. எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் ஒன்றையொன்று ஈர்த்து வரிசையாக அடுக்கிப் படிகமாகும்போது 787 கிலோ ஜூல் வெளிப்படுகிறது. துண்டு விழுந்தது போக நிறையவே மிச்சம். எலக்ட்ரான் இடம் மாறுவது தொடக்கம். அயனிகளுக்கு இடையிலான ஈர்ப்பே பிணைப்பு.

இந்த ஈர்ப்பு ஒரு ஜோடியோடு நிற்பதில்லை. படிகத்தில் ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் 6 குளோரைடு அயனிகள். ஒவ்வொரு குளோரைடு அயனியைச் சுற்றியும் 6 சோடியம் அயனிகள். "இது இதனுடைய ஜோடி" என்று பிரித்துக் காட்ட முடியாது. ஆகவே விடைத்தாளில் திட உப்பை 'சோடியம் குளோரைடு மூலக்கூறு' என்று எழுதாதீர்கள். வாய்பாடு காட்டுவது ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தை மட்டுமே.

வீட்டிலேயே பாருங்கள்

ஒரு கல்லுப்பை அம்மியில் வைத்துத் தட்டுங்கள். அது நசுங்காது, உடையும். அடுக்கு சற்று நகர்ந்ததும் ஒத்த மின்சுமைகள் எதிரெதிரே வந்து ஒன்றையொன்று தள்ளிவிடுவதே காரணம். வாணலியில் சர்க்கரை உருகிப் பாகாகிறது, உப்போ உருகுவதில்லை. அயனிகளின் பிடியைத் தளர்த்த 801 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதே உப்பு தண்ணீரில் சட்டென்று கரைகிறது. நீர் மூலக்கூறுகள் ஒவ்வோர் அயனியையும் சூழ்ந்து பிரித்துக்கொண்டு போகின்றன. அயனிகள் இப்படி நகர முடிவதால்தான் உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துகிறது. திட உப்பு கடத்துவதில்லை. மின்கடத்தல் சோதனையை மட்டும் பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் முன்னிலையில் செய்யுங்கள். வீட்டு மின் இணைப்பில் ஒருபோதும் வேண்டாம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் அதிகம் படிக்காதவராக இருக்கலாம். ஆனாலும் அடுப்படியில் நின்றபடி, "சர்க்கரை உருகுது, உப்பு ஏன் உருகல?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால் பாடம் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. முடியாவிட்டால் மாலை வகுப்புக்கு அனுப்பி வையுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு கேள்வி: மக்னீசியம் ஆக்சைடு 2800 டிகிரி செல்சியஸுக்கும் மேலேதான் உருகும். உப்பைவிட அதன் பிடி இவ்வளவு வலுவாக இருப்பது ஏன்? மக்னீசியம் எத்தனை எலக்ட்ரான்களை இழக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் வழி கிடைக்கும். விடையை எழுதி வகுப்பில் கொடுங்கள். சரியான விளக்கம் அடுத்த இதழில் வரும், இன்ஷா அல்லாஹ்.