மாவுச்சத்தைக் குறைத்தலும் கூடி நடத்தலும்

2023ஆம் ஆண்டு தைத் திங்களில், வந்தவாசிக்கு அருகிலுள்ள எங்கள் ஊர்ப் பெண்கள் ஒன்பது பேர் உடல் எடையைக் குறைக்கும் நோக்குடன் ஒன்று சேர்ந்தோம். நாற்பத்தைந்து வயது முதல் எழுபத்திரண்டு வயது வரை உள்ளவர்கள். உணவில் மாவுச்சத்தைக் குறைத்துக்கொள்வது, நாள்தோறும் காலையில் உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் சேர்ந்து நடப்பது என்பனவே திட்டம். இம்முயற்சியில் நாங்கள் கற்றவற்றையும், தொடக்கத்தில் நேர்ந்த ஒரு பிழையையும் இங்கே எழுதுகிறோம். இத்தகைய குழுக்கள் இப்போது பல ஊர்களிலும் தோன்றி வருவதால், பிழையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது.

மாவுச்சத்தைக் குறைத்தால் உடலில் நிகழ்வது யாது என்பதை முதலில் நோக்குவோம். அரிசி, கோதுமை, ரவை, அவல், சர்க்கரை, வெல்லம் ஆகியவற்றிலுள்ள மாவுச்சத்து செரித்துக் குளுக்கோஸாக மாறிக் குருதியில் கலக்கிறது. அப்போது கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலினின் துணையால் உடல் அந்தக் குளுக்கோஸைப் பயன்படுத்துகிறது; எஞ்சியதில் ஒரு பகுதியைக் கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்னும் பொருளாகச் சேமிக்கிறது. அதற்கும் மிஞ்சியது கொழுப்பாகிறது. மாவுச்சத்தைக் குறைத்தவுடன் முதலில் கரைவது இந்தக் கிளைக்கோஜன் சேமிப்பே. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனுடனும் ஏறக்குறைய 3 கிராம் நீர் சேர்ந்திருப்பதால் அந்த நீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் எடை சட்டென்று இறங்குவதன் காரணம் இதுவே. எங்களுள் ஒருவர் முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்து, மகிழ்ச்சியில் ரவிக்கைகளைத் தையற்காரரிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். மூன்றாம் வாரத்தில் எடை அசையாமல் நின்றது. அவர் குறைந்தது கொழுப்பினால் அன்று, நீரினால் என்பதை அப்போது விளக்க வேண்டியதாயிற்று.

இம்முறை புதியதன்று. இலண்டன் நகரில் ஈமச்சடங்குப் பணி செய்துவந்த வில்லியம் பாண்டிங் என்பவர், தம் மருத்துவரின் அறிவுரைப்படி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் முதலியவற்றை விலக்கி உடல் மெலிந்தார். அந்த அனுபவத்தை 1863இல் சிறு நூலாக வெளியிட்டார். 1972இல் அமெரிக்க மருத்துவர் இராபர்ட் அட்கின்ஸ் எழுதிய நூல் இம்முறையை உலகெங்கும் பரப்பியது. எனினும் இவ்விருவருடைய தட்டிலும் சோற்றுக்கும் ரொட்டிக்கும் மாற்றாக அமைந்தது பெரும்பாலும் புலால். அவர்கள் வகுத்த அட்டவணை நம் அடுக்களைக்குப் பொருந்தாது.

நம் அடுக்களையைப் பற்றி நாங்கள் கொண்டிருந்த ஒரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிட வேண்டும். கிழங்கு உண்ணாதவர்கள் ஆதலால் நமக்கு மாவுச்சத்து குறைவு என்று நினைத்திருந்தோம். எங்களுள் ஒருவர் சமையலறைத் தராசில் தம் நண்பகல் சோற்றை நிறுத்துப் பார்த்தார்; 420 கிராம் இருந்தது. 100 கிராம் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து உண்டு. அப்படியானால் ஒரு வேளைக்கு 118 கிராம். அதாவது இருபத்துமூன்று தேக்கரண்டிச் சர்க்கரைக்கு ஈடு. குழம்பும் பாயசமும் இக்கணக்கில் சேரவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு ஒன்று 2025இல் வெளியாயிற்று. இந்தியர் உணவால் பெறும் ஆற்றலில் ஏறக்குறைய 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று அது கூறுகிறது. கிழங்கை விலக்குவதால் மட்டும் இந்நிலை மாறாது. சாமையும் தினையும் கேழ்வரகும்கூட 100 கிராமுக்கு 60 கிராம் அளவோ அதற்கு மேலோ மாவுச்சத்து உடையனவே. நார்ச்சத்து மிகுதி என்பது அவற்றின் சிறப்பு, ஆனால் வயிறு நிறைய உண்டால் எடை குறையாது. பேச்சுவாக்கில், ஜவ்வரிசி என்பது மரவள்ளிக் கிழங்கின் மாவிலிருந்து செய்யப்படுவது என்று சொல்லப்போக, இத்தனை ஆண்டுகளாக ஜவ்வரிசி வடகம் பிழிந்துவந்த இருவர் திகைத்துப் போயினர். அவர்கள் வீட்டில் இப்போது அரிசிக்கூழ் வடகம்தான்.

சோற்றைக் குறைத்தால் அவ்விடத்தில் எதனை வைப்பது? பருப்பு, கொண்டைக்கடலை, காராமணி, தயிர், பனீர், நிலக்கடலை ஆகியன புரதம் தருவன. ஆனால் 100 கிராம் பாசிப்பருப்பில் 24 கிராம் அளவு புரதம் இருப்பினும் மாவுச்சத்தும் 60 கிராம் அளவில் உண்டு. ஆகவே ஒரு நாளைக்கு 20, 30 கிராம் மாவுச்சத்தே என்று மேல்நாட்டு நூல்கள் சொல்லும் கடுமையான அளவு, முட்டையும் புலாலும் உண்ணாத நமக்கு எளிதில் கைகூடாது. அதனை நாடவும் வேண்டியதில்லை. சோற்றைப் பாதியாக்கி, அவரை, புடலை, பீர்க்கை, சுரை, வெண்டை, கொத்தவரை ஆகிய காய்களை இருமடங்காக்கி, ஒவ்வொரு வேளையிலும் புரதம் தரும் ஒன்றைச் சேர்த்துக்கொள்வது நமக்கு இயலும் வழி.

இனி, நேர்ந்த பிழை. ஒன்பது பேருக்கும் ஒரே உணவு அட்டவணை வகுக்கப்பட்டது. காலையில் நான்கு இட்டலிக்குப் பதில் இரண்டு. நண்பகலில் ஒரு கிண்ணம் சோறு. மாலையில் சூரியன் மறையுமுன் சோறின்றிக் கூட்டும் மோரும் மட்டும். அதை ஒன்பது படிகள் எழுதியது எம் கைதான். முப்பத்தைந்து ஆண்டுகள் பாடவேளை அட்டவணை போட்ட பழக்கம் விடவில்லை. டீச்சர் எழுதிக் கொடுத்தது சரியாகவே இருக்கும் என்று எவரும் வினவவுமில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை, மைதானத்தில் மூன்றாம் சுற்றின்போது, எங்களுள் அறுபத்தெட்டு வயதான ஒருவர் பின்தங்கினார். முகமும் கழுத்தும் வேர்த்துக் கொட்டின. தைமாதக் குளிரில் அப்படி வேர்க்கக் காரணமில்லை. கை நடுங்கியது. கேட்ட கேள்விக்கு வேறு ஏதோ விடை சொன்னார். அவர் நீரிழிவுக்குக் காலையும் மாலையும் உணவுக்கு முன் மாத்திரை உண்பவர். முதல் நாள் மாலை ஐந்தேகாலுக்கு மாத்திரையை உண்டு, அட்டவணைப்படி சோறின்றிச் சாப்பிட்டிருக்கிறார். அதன்பின் பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேல் வெறும் வயிறு, அதனோடு நடை. எதிரிலிருந்த தேநீர்க் கடையிலிருந்து சர்க்கரை வாங்கி நீரில் கரைத்துக் கொடுத்தால், "இன்னும் கோயிலுக்குப் போகவில்லையே" என்று கையைத் தட்டிவிட்டார். ஜினாலய தரிசனம் செய்யாமல் நீரும் பருகாதவர் அவர். அவருடைய தம்பி மருமகள்தான் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டு, "பெரியம்மா, இது மருந்து, குடியுங்கள்" என்று சொல்லிச் சொல்லிப் பருகச் செய்தார். அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த கருவியில் சோதித்தபோது சர்க்கரை அளவு 52. அளவு 70க்குக் கீழ் இறங்கினாலே தாழ்வு; 54க்குக் கீழ் இறங்கினால் ஆபத்து. பதினைந்து நிமிடங்கள் கழித்து மீண்டும் பார்க்கையில் 81 ஆகியிருந்தது. அந்தப் பதினைந்து நிமிடங்களை நாங்கள் கழித்த விதத்தை எழுத விரும்பவில்லை.

அன்றே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். "மாத்திரையைக் குறைக்காமல் சோற்றை மட்டும் குறைக்கச் சொன்னது யார்?" என்று அவர் கேட்டார். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் உணவு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வன. இன்சுலின் ஊசியும் அவ்வாறே உணவுக்குக் காத்திராமல் வேலை செய்யும். மாவுச்சத்தைக் குறைக்குமுன் இவற்றின் அளவை மருத்துவர் திருத்தி அமைக்க வேண்டும். நாமாகக் குறைத்தலும் கூடாது. மெட்ஃபார்மின் மட்டும் உண்பவர்க்கு இவ்வாபத்து மிகக் குறைவு. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் போன்றவற்றை உண்போர் மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்தால் குருதியில் அமிலம் மிகும் வேறோர் ஆபத்து உண்டு. இரத்த அழுத்த மாத்திரை உண்போர்க்குத் தொடக்க நாள்களில் நீரும் உப்பும் வெளியேறுவதால் தலைசுற்றல் வரலாம். சிறுநீரகக் குறைபாடு உடையோர் புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். உண்ணாநோன்பு நாள்களில் மாத்திரையை என்ன செய்வது என்பதையும் நோன்புக்கு முன்பே கேட்டு அறிந்துகொள்வது நலம்.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் கல்வி உளவியல் படித்தபோது 'தனியாள் வேறுபாடுகள்' என்றொரு பாடம் இருந்தது. அதில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றிருந்தோம்! அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 609 பேரைக் கொண்டு ஓராண்டு நடத்திய ஆய்வு 2018இல் வெளியாயிற்று. கொழுப்பைக் குறைத்து உண்டோர் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்து உண்டோர் 6 கிலோவும் எடை குறைந்தனர். இதனைப் பெரிய வேறுபாடாகக் கொள்வதற்கில்லை. நம் கருத்தை ஈர்ப்பது வேறொன்று. ஒரே முறையைப் பின்பற்றியவர்களுக்குள்ளேயே சிலர் மிகவும் மெலிந்தனர். சிலர் முன்னிருந்ததைவிடப் பருத்தனர்.

அட்டவணைப் படிகளைத் திரும்பப் பெற்றுக் கிழித்துப் போட்டோம். எங்கள் வீட்டுத் திண்ணைச் சுவரில் ஒட்டியிருந்த எடைப் பட்டியலையும் அப்போதே எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. வாரந்தோறும் ஒன்பது பெயர்களுக்கு நேரே எடையை எழுதி வந்தோம். பிப்ரவரி இறுதியில் ஒருவர் வருவதை நிறுத்தினார். எம் பழைய மாணவி. வீட்டிற்குச் சென்று கேட்டதற்கு, "மறுபடியும் கடைசிப் பெஞ்சில் உட்கார வைத்தாற்போல இருக்கிறது, டீச்சர்" என்றார். பட்டியல் அன்று மாலையே இறங்கியது. எடையை எவரும் கேட்கக் கூடாது என்ற நிபந்தனையின்மேல் அவர் திரும்பி வந்தார். இன்று ஒரு நாளும் தவறாமல் வருபவர் அவர் ஒருவரே.

ஆக, தட்டு அவரவர்க்கு. நடை எல்லார்க்கும் பொது என்றாயிற்று. நடையையும் மாலைக்கு மாற்றினோம். சூரியன் மறையுமுன் உண்ணும் வழக்கம் இங்கே பெரிதும் உதவியது. ஐந்து மணிக்கு உணவு, ஐந்தரைக்கு நடை. உணவுக்குப்பின் நடந்தால் தசைகள் குளுக்கோஸை எடுத்துக்கொள்வதால் குருதியில் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். உலக நலவாழ்வு நிறுவனம் வாரத்திற்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. நாள்தோறும் அரைமணி வீதம் ஐந்து நாள் நடந்தால் அது நிறைவேறும். மெலியும்போது கொழுப்புடன் தசையும் கரைவதால், வாரத்தில் இரு நாள் பள்ளித் தாழ்வாரத்தில் நாற்காலியில் அமர்ந்து எழுதல், நீர் நிறைந்த புட்டிகளைத் தூக்குதல் ஆகியவற்றையும் செய்கிறோம். முதலில் சிரிப்பாக இருந்தது.

ஓராண்டு முடிவில் ஒன்பதின்மருள் எழுவர் நிலைத்தோம். இரண்டு கிலோ முதல் ஏழு கிலோ வரை குறைந்தவர் அறுவர். ஒருவர்க்கு எடை குறையவேயில்லை. இடுப்புச் சுற்றளவு நான்கு செ.மீ. குறைந்தது. மாத்திரையால் இடருற்ற அம்மையார் மருத்துவர் திருத்தித் தந்த அளவின்படி உண்டு, முந்தானை முடிச்சில் ஒரு பொட்டலம் சர்க்கரையுடன் எங்களோடு நடக்கிறார்.

புதிதாகச் சேர வருவோரிடம் இப்போது எடையைக் கேட்பதில்லை. மருத்துவர் எழுதிய மாத்திரைச் சீட்டைக் கொண்டுவரச் சொல்கிறோம். சென்ற மாதம் சேர வந்த இருவருள் ஒருவர் சீட்டை மறந்துவிட்டு வந்தார். அன்று அவரைத் தாழ்வாரத்தில் அமர்த்திவிட்டு நாங்கள் நடந்தோம். மறுநாள் சீட்டுடன் முதல் ஆளாக வந்து நின்றார்.