மாணவர் உடல்நலம்: சிங்கப்பூர் தரும் பாடம்

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும். உடல்நலம் குன்றிய பிள்ளைக்குக் கல்வி ஏறாது என்பதை நாம் அறிவோம். ஆயினும், பிள்ளை நோயுற்றுப் படுத்த பின்னரே பெரும்பாலும் அதனைக் கவனிக்கின்றோம். நோய் வருமுன் கண்காணிப்பது எங்ஙனம் என்பதற்குச் சிங்கப்பூரின் அனுபவம் நல்ல சான்றாகும்.

1945-இல் ஜப்பானியர் ஆட்சி முடிவுற்றபொழுது அந்நகரில் உணவுத் தட்டுப்பாடு மிகுந்திருந்தது. மெலிந்து வாடிய குழந்தைகளுக்கென 1947-இல் சமூக நலத்துறை உணவளிப்பு நிலையங்களைத் திறந்தது. வயிற்றுப் பசியைத் தீர்ப்பதே முதற்பணியாயிற்று.

அடுத்துப் பற்களின் நலம். 1950-களில் நகரின் குடிநீரில் சிறிதளவு ஃபுளோரைடு சேர்க்கப்படலாயிற்று. 1970-களில் தொடக்கப்பள்ளி மாணவர்கள் குவளையும் பிரஷ்ஷுமாக வாய்க்கால் ஓரம் வரிசையாகக் குந்தி, ஆசிரியர் சொற்படி பல் துலக்கினர். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே வரிசைதான்.

இன்று, தேக்காவுக்கு அருகிலுள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் பிறக்கும் குழந்தையாயினும், நகரின் வேறெங்குப் பிறக்கும் குழந்தையாயினும், அதன் எடை, உயரம், தடுப்பூசி ஆகியவை பதிவு செய்யப்படுகின்றன. பள்ளியிலும் எடை, உயரம், கண்பார்வை ஆகியவை சோதிக்கப்படுகின்றன.

ஆனால், கண்காணிப்பு பிள்ளையின் மனத்தைப் புண்படுத்தலாகாது. 1992-இல் தொடங்கிய ஒரு திட்டத்தின்கீழ், எடை மிகுந்த மாணவர்கள் தனியே பிரிக்கப்பட்டுக் கூடுதல் உடற்பயிற்சி பெற்றனர். அவர்கள் சக மாணவரின் கேலிக்கு ஆளாகின்றனர் என்ற குறை எழுந்தது. 2007-இல் அத்திட்டம் முடிவுற்று, எல்லா மாணவருக்கும் பொதுவான நலத்திட்டம் அதனிடத்தைப் பெற்றது.

இவற்றுள் நம் தோட்டங்களுக்கு ஏற்றவை யாவை? விடியுமுன் பால்மரம் சீவச் செல்லும் பெற்றோர், பிள்ளை பசியாறிப் பள்ளி செல்ல வழிசெய்துவிட்டுப் புறப்படுதல் வேண்டும். வெறும் தேநீர் உணவாகாது. அவித்த முட்டையோ கடலையோ பயறோ உடன் இருத்தல் நலம்.

வாரம் ஒருமுறை நகம், தலைமுடி, பற்கள், தோல் ஆகியவற்றைப் பார்வையிடுக. உணவுக்கு முன்னும் கழிப்பறை சென்ற பின்னும் சவர்க்காரமிட்டுக் கைகழுவப் பழக்குக. ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடப்பவரின் தோல்வழியே கொக்கிப்புழு உடலுட் புகும். அது இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்கும். வகுப்பில் சோர்ந்து உறங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று கடியுமுன், அதன் காரணத்தை மருத்துவரிடம் கேட்டறிதல் நம் கடமை.

மூன்று திங்களுக்கு ஒருமுறை பிள்ளையின் எடையையும் உயரத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். எடை குறைந்தாலும், பல மாதங்களாக ஏறாதிருந்தாலும், தாமதியாது மருந்தகத்துக்கு அழைத்துச் செல்வோம். அக்குறிப்பேட்டையும் உடன் கொண்டு சென்றால், பிள்ளையின் வளர்ச்சியை மருத்துவர் எளிதில் அறிந்துகொள்வார்.