பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய தம்பிக்கு

கோவையில் முப்பது வருஷத்துக்கு மேல் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக வேலை பார்த்தவன் நான். அடிபட்ட வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, எஸ்டிமேட்டில் எதைக் கொடுப்பது, எதை வெட்டுவது என்று எழுதுவதுதான் என் பிழைப்பு. செட்டிபாளையத்தில் கரி ஸ்பீடுவே இருக்கிற ஊர் இது. வேகத்தின் மேல் ஆசை இல்லாத பையன்களை இங்கே பார்ப்பது அபூர்வம். பழைய பாலியோ 1.6, ஆக்டேவியா ஆர்.எஸ்., எங்கேயாவது ஒளிந்திருக்கும் சான் ஸ்டார்ம் என்று தேடிப்பிடித்து வாங்கிவிட்டு என்னிடம் வருவார்கள். "அங்கிள், கம்மியா எங்க போடலாம்?" என்பதுதான் முதல் கேள்வி. அவர்களுக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன்.

1. அடுத்த வண்டியையாவது வாங்குவதற்கு முன்பே சிசியைப் பார். தேர்டு பார்ட்டி பிரீமியத்தை எந்தக் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது, அரசு நிர்ணயிப்பது. 2022 ஜூன் 1 முதல் வந்த விகிதப்படி, 1000 சிசிக்கு மேல் 1500 வரை உள்ள சொந்தக் காருக்கு வருஷம் 3,416 ரூபாய். 1500-ஐத் தாண்டினால் 7,897. ஜிஎஸ்டி தனி. பாலியோ 1.6-ன் இன்ஜின் 1596 சிசி. தொண்ணூற்றாறு சிசி கூடுதலாக இருப்பதற்காக வருஷா வருஷம் 4,481 ரூபாய் அதிகம் கட்ட வேண்டும். பழைய ஹோண்டா சிட்டி விடெக் 1500-க்குள் அடங்கிவிடும். கோவாவில் தயாரான சான் ஸ்டார்மில் இருப்பது 1149 சிசி ரெனோ இன்ஜின், அதுவும் அடங்கும். இந்தக் கணக்கில் பேரம் கிடையாது. வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும்தான் இது உன் கையில் இருக்கிறது.

2. தேர்டு பார்ட்டியில் மிச்சம் பிடிக்காதே. அடுத்தவருக்கு உயிர்ச்சேதமோ காயமோ ஆனால் இந்த பாலிசியில் உச்சவரம்பு இல்லை. தீர்ப்பாயம் சொல்லும் தொகையைக் கம்பெனி கட்டும். பொருள் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை உண்டு. அதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டால் பிரீமியத்தில் நூறு ரூபாய் குறையும் என்று ஒரு வழி இருக்கிறது. அந்த வழியில் போகாதே. இன்றைக்கு ஒரு காரின் ஹெட்லைட்டே ஆறாயிரத்துக்குக் கிடைக்காது. இன்சூரன்ஸே இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. அதைவிடப் பெரிய பயம் வேறு. யாராவது உயிரிழந்துவிட்டால் இழப்பீட்டு உத்தரவு உன் வீட்டின் மேல் வந்து உட்காரும். அப்படி வீட்டை விற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

3. உன் சொந்த வண்டிச் சேதத்துக்கான பாலிசியில் ஐடிவியை, அதாவது வண்டிக்குப் போடும் காப்பீட்டு மதிப்பை, குறைத்து பிரீமியத்தைக் குறைக்காதே. நான் சொல்ல வந்ததிலேயே முக்கியமானது இதுதான்.

ஒரு மழை நாள். அவிநாசி ரோட்டில் நின்றிருந்த லாரியின் பின்னால் ஒரு பையனின் பாலியோ போய்ச் செருகிவிட்டது. ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பானெட் கூரை மாதிரி மடிந்து நின்றது. ரேடியேட்டர் ஃபேனின் ஒரு இதழ் உடைந்து பேட்டரி மேல் கிடந்தது. ஆனால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை, அடித்தளம் நேராக இருந்தது. எழுந்துவிடக்கூடிய வண்டி. தேய்மானம் கழித்த பிறகும் ரிப்பேர் செலவு 66,000 வந்தது. பாலிசியைப் பிரித்தேன். ஐடிவி 80,000. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ். அந்த எல்லை 60,000. நான் எழுத வேண்டியதை எழுதினேன். இன்ஜினுக்கும் சஸ்பென்ஷனுக்கும் மட்டுமே இரண்டரை லட்சம் போட்டிருந்த பையன் அவன். மடிந்த பானெட்டின் மேல் கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தான். முந்தின வருஷம் ஏஜென்ட் இரண்டு லட்சம் போடலாம் என்றபோது இவன்தான் 80,000 போதும் என்றிருக்கிறான். அதில் மிச்சமானது ஆயிரத்துச் சொச்சம்.

ஐந்து வயது வரைக்கும் ஐடிவிக்கு அட்டவணை உண்டு. ஐந்தைத் தாண்டிவிட்டாலோ, கம்பெனி அந்த மாடலை நிறுத்திவிட்டாலோ, ஐடிவி என்பது நீயும் இன்சூரன்ஸ் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்கிற தொகை. பேசி! ஆன்லைனில் திரை காட்டும் எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்கிறவன் பேசவே இல்லை. செய்த வேலைகளின் பில், நாலு பக்கமும் உள்ளேயும் எடுத்த போட்டோ, லைசென்ஸ் உள்ள சர்வேயர் தந்த மதிப்பீட்டுச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்துக்கு நேரில் போ. நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், யுனைடெட் இந்தியா என்று நாலு அரசுக் கம்பெனிகள் இருக்கின்றன. நாலிலும் ஏறி இறங்கு. தனியார் கம்பெனிகளிலும் கேள். சந்தை விலைக்கு மேல் கேட்காதே, தரமாட்டார்கள். கீழேயும் இறங்காதே. பத்து வயதைத் தாண்டிய பெரிய இன்ஜின் காருக்குப் பழைய கட்டண அட்டவணையில் சென்னை போன்ற நகரங்களுக்கு இருந்த விகிதமே 3.698 சதவீதம்தான். ஐடிவி ஒரு லட்சம் கூடினால் நாலாயிரத்துக்குள் முடிந்துவிடும். கம்பெனி தரும் தள்ளுபடி போக இன்னும் குறையும்.

4. க்ளெய்மில் கைக்கு என்ன வரும் என்று தெரிந்து வைத்துக்கொள். பத்து வயதைத் தாண்டிய வண்டியில் இரும்பு பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கு எந்த வயதானாலும் பாதி. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. ஃபைபர் கிளாஸுக்கு 30 சதவீதம்தான் கழிப்பார்கள். சான் ஸ்டார்மின் பாடி முழுக்க ஃபைபர் என்பதால் அந்த வண்டிக்காரருக்கு இது ஒரு நல்ல விஷயம். பம்பர் டு பம்பர் என்று நம் ஊரில் சொல்லும் முழு கவரேஜ் இவ்வளவு பழைய வண்டிக்குப் பெரும்பாலும் கிடைக்காது.

5. அதனால் சின்ன அடிகளை நீயே பார்த்துக்கொள். பாலிசி எடுக்கும்போதே "முதல் 7,500 ரூபாய் என் பொறுப்பு" என்று ஒத்துக்கொண்டால், பழைய கட்டண அட்டவணைப்படி சொந்தச் சேதப் பிரீமியத்தில் 30 சதவீதம் குறையும். அதிகபட்சம் 2,000 ரூபாய். டிங்கரிங், பெயின்டிங் வேலைக்கு க்ளெய்ம் போடாதவனுக்கு இது சுத்த லாபம். குறைக்க வேண்டிய இடம் இதுதான்.

6. நோ க்ளெய்ம் போனஸ் உன்னுடையது, வண்டியுடையது அல்ல. 20, 25, 35, 45, 50 என்று ஐந்து வருஷத்தில் ஏறும். பழைய காரை விற்றால் அதற்கான சான்றை வாங்கிக்கொண்டு புதிதாக வாங்கிய காருக்கு மாற்று. பாலிசி முடிந்து 90 நாள் ஆகிவிட்டால் அத்தனையும் போச்சு. ஷெட்டில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகளுக்குத்தான் இது அடிக்கடி நடக்கிறது. வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை உன் பெயருக்கு மாற்றிவிடு. இல்லாவிட்டால் உன் சொந்த வண்டிச் சேதத்துக்கு ஒரு பைசா வராது.

7. மாற்றியதை மறைக்காதே. இன்ஜினை மாற்றியிருந்தால் ஆர்.சி.யில் ஏற வேண்டும், பாலிசியிலும் எழுத வேண்டும். ஆர்.சி.யில் ஒரு இன்ஜின் நம்பர், வண்டியில் வேறொரு நம்பர் என்றால் நல்ல க்ளெய்ம்கூட அங்கேயே படுத்துவிடும்.

8. டிராக்குக்குப் போனால் பாலிசி கூட வராது. ரேஸ், வேகச் சோதனை, அதற்கான பயிற்சி எதற்கும் சாதாரண பாலிசி பொருந்தாது. செட்டிபாளையமானாலும் இருங்காட்டுக்கோட்டையானாலும் அங்கே நடப்பது உன் செலவு. டிராக்கில் முட்டிவிட்டு ரோட்டில் நடந்ததாக எழுதிக் கொடுக்காதே. டயர் சுவரில் உரசிய கறுப்புத் தடம் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். பொய் க்ளெய்ம் போட்டவன் பணத்தோடு பேரையும் இழக்கிறான். அடுத்த வருஷம் அவனுக்கு பாலிசி தர ஆளிருக்காது.

9. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கும் வண்டிக்குத் தினமும் ஓடும் வண்டியின் பிரீமியம் எதற்கு? ஓட்டும் தூரத்துக்கு ஏற்பப் பணம் கட்டும் முறையை 2022 ஜூலையில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அனுமதித்தது. ஒரே உரிமையாளரின் பல வண்டிகளை ஒரே பாலிசியில் சேர்ப்பதையும் அப்போதே அனுமதித்தது. உன் வண்டியின் வயதுக்குத் தருவார்களா என்று ஒவ்வொரு கம்பெனியாகக் கேள்.

10. "வின்டேஜ்" என்று விற்பவர் சொன்னால் நம்பிவிடாதே. 2021 விதிப்படி ஐம்பது வயதைத் தாண்டி, அசல் நிலையில் இருந்தால்தான் வின்டேஜ் பதிவு கிடைக்கும். அதற்கு 20,000 ரூபாய் கட்டணம். தேர்டு பார்ட்டியில் பாதித் தள்ளுபடி உண்டு, ஆனால் அன்றாடம் ஓட்ட முடியாது. நீ வாங்கியிருக்கும் 2003 மாடல் வண்டிக்கு அதெல்லாம் இன்னும் வெகுதூரம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுப்பதற்கு முன் பாலிசியைக் கையில் எடு. சேஸிஸ் நம்பரை வண்டியில் பொறித்திருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார். பிறகு ஐடிவி என்று போட்டிருக்கும் தொகையைப் பார். அந்தப் பணத்துக்கு இதே மாதிரி இன்னொரு வண்டி கிடைக்காது என்றால், திங்கட்கிழமை காலையில் கிளை அலுவலகத்துக்குப் போய்விடு தம்பி.