ஈசியூவை மாற்றும் முன் இரண்டு ஒயரை அளந்து பாருங்கள்

தேவதானப்பட்டியிலிருந்து மஞ்சளாறு அணைப் பக்கம் மாந்தோப்பு, தென்னந்தோப்பு, அதைத் தாண்டினால் அடிவாரத்துப் பாறைக்காடு. தென்னங்குழி எடுக்க, கண்மாய் மண் அள்ள, காடு திருத்த வரும் பேக்ஹோ, செயின் வண்டிகளில் பல, இரண்டு மூன்று கை மாறியவை. மணி வாடகைக்கு ஓடித் தவணை கட்ட வேண்டிய வண்டி, டிஸ்ப்ளேயில் 'கம்யூனிகேஷன் எரர்' காட்டி நின்றுவிட்டால் உரிமையாளருக்கு வயிற்றைக் கலக்கும். "ஈசியூ போச்சுண்ணே, மாத்திருவோம்" என்று யாராவது சொல்லியும் விடுவார்கள். அந்தப் பேச்சுக்குத் தலையாட்டும் முன் அரை நாள் ஒதுக்கி, கீழே உள்ள வரிசையில் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு ஒயரிலோ, கப்ளரிலோ, எர்த்திலோதான் இருக்கும்.

டயர் வண்டிகளுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் சிஇவி (கட்டுமான வண்டி) நிலை 4 மாசு விதி வந்தது. அதன்பின் வந்த பேக்ஹோக்களில் பெரும்பாலும் டீசல் அளவை ஈசியூ என்ற கன்ட்ரோலர்தான் தீர்மானிக்கிறது. அந்த வண்டிகள்தான் இப்போது பழைய வண்டிச் சந்தைக்கு வருகின்றன. செயின் வண்டிகளில் பம்பு கன்ட்ரோலர் அதற்கு முன்பே உண்டு. இன்ஜின் ஈசியூ, பம்பு கன்ட்ரோலர், டிஸ்ப்ளே எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது கேன் என்ற முறையில். இதைப் பாஷ் நிறுவனம் 1986-ல் வெளியிட்டது. கனரக வண்டிகளில் இதன் மேல் ஜே1939 என்ற விதிமுறை ஓடுகிறது. கையால் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அது முறுக்கிய இரண்டு ஒயர், அவ்வளவுதான். ஒன்று கேன்-ஹை, மற்றொன்று கேன்-லோ. பல வண்டிகளில் ஹை மஞ்சள், லோ பச்சை. இந்த ஜோடியின் இரு முனையிலும் ஒவ்வொரு 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும்.

முதல் வேலை பேட்டரி. வண்டி ஓய்வில் இருக்கும்போது 12 வோல்ட் பேட்டரி 12.6 அருகிலும், 24 வோல்ட் வண்டியில் இரண்டும் சேர்ந்து 25.2 அருகிலும் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 12 வோல்ட் வண்டியில் 9.6-க்குக் கீழே இறங்கினால், பாதி எரர் கோடுக்குக் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. டெர்மினலைக் கழற்றிச் சுரண்டி இறுக்குங்கள். சேஸில் எர்த் கேபிள் மாட்டிய இடத்தில் பெயின்டும் துருவும் இருந்தால் அதையும் சுரண்டுங்கள்.

அடுத்து, கோடுகளை அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். சம்பந்தமில்லாத ஐந்தாறு கோடு ஒரே நேரத்தில் வந்திருந்தால் ஐந்தாறு சென்சார் ஒன்றாகக் கெட்டுப்போகவில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவான சப்ளை, எர்த், கேன் ஒயர் இவற்றில் ஒன்றில் பிசகு. எஸ்பிஎன் 639 என்ற கோடு வந்தால் அது ஜே1939 ஒயர்ப் பாதையைச் சொல்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: புகார் சொல்கிற கன்ட்ரோலர் உயிரோடு இருக்கிறது, பேசாமல் இருப்பதைத்தான் தேட வேண்டும். 'இன்ஜினிலிருந்து தகவல் இல்லை' என்று டிஸ்ப்ளே சொன்னால், டிஸ்ப்ளேயைக் கழற்றாமல் இன்ஜின் ஈசியூவின் ஃபியூஸ், ரிலே, எர்த் பக்கம் போங்கள். ஈசியூ கப்ளரைக் கழற்றி, சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே வண்டியின் வோல்ட்டுக்கேற்ற ஹெட்லைட் பல்பைக் கொடுத்துப் பாருங்கள். மீட்டர் முழு வோல்ட் காட்டியும் பல்பு மங்கலாக எரிந்தால் ஒயர் உள்ளே அரித்திருக்கிறது.

இனி ஓம் அளவு. இதுதான் முக்கியமான சோதனை, இதற்குச் சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். சாவியை அணைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் விடுங்கள். டயக்னாஸ்டிக் கப்ளரில் ஹைக்கும் லோவுக்கும் நடுவே ஓம் பாருங்கள். ஒன்பது பின் வட்டக் கப்ளரில் பொதுவாக ஹை 'சி', லோ 'டி'. பதினாறு பின் கப்ளரில் 6, 14. கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம், சர்க்யூட் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

60 ஓம் வந்தால் பாதை முழுதாக இருக்கிறது. 120 வந்தால் ஒரு பக்க ரெசிஸ்டர் போயிருக்கிறது, அல்லது நடுவே ஒயர் அறுந்திருக்கிறது. 40 காட்டினால் யாரோ மூன்றாவதாக ஒரு ரெசிஸ்டரை உள்ளே சேர்த்துவிட்டார்கள். பழைய வண்டிகளில் கூடுதலாக மாட்டிய கருவிகளால் இது நேரும். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் உரசிக்கொண்டிருக்கின்றன.

மீட்டரை அப்படியே மாட்டி வைத்துவிட்டு, உதவியாளரை ஒயர்க் கட்டை ஒவ்வொரு இடமாக அசைக்கச் சொல்லுங்கள். கேபின் தரைக்கு அடியில், பூம் அடிவாரத்தில், இன்ஜின் சைலன்சர் அருகில், கிளாம்பு உரசும் இடத்தில். 60 திடீரென்று 120-க்குத் தாவி மறுபடி இறங்கினால், அவர் கை எங்கே இருக்கிறதோ அங்கேதான் கோளாறு. அந்தக் கப்ளரைத் திறந்து வெளிச்சத்தில் பாருங்கள். பின்னில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். அல்லது எல்லாப் பின்னும் ஒரே மட்டத்தில் நிற்க, ஒன்று மட்டும் நெல் முனை அளவு உள்ளே போயிருக்கும். பிரஷர் வாட்டர் அடித்துக் கழுவிய வண்டிகளில் களிம்பு சகஜம். தோப்பில் மாதக்கணக்கில் நிறுத்திய வண்டி என்றால் எலிக்கடியைத் தேடுங்கள்.

பூஜ்யம் காட்டினால் கன்ட்ரோலர்களின் கப்ளரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் அளவு மேலே ஏறுகிறதோ, அதன் பக்கம்தான் கோளாறு. ரெசிஸ்டரை உள்ளேயே வைத்திருக்கும் கன்ட்ரோலரைக் கழற்றினால் 120 வரும். அதைக் கண்டு பதற வேண்டாம்.

ஓம் சரியாக இருந்தும் எரர் போகவில்லையா? பேட்டரியை மாட்டி, சாவியை ஆன் செய்து, ஒவ்வொரு ஒயரையும் எர்த்துக்கு எதிராக வோல்ட்டில் பாருங்கள். ஹை 2.5-க்குச் சற்று மேலே, லோ 2.5-க்குச் சற்றுக் கீழே, இரண்டையும் கூட்டினால் 5 அருகில் வர வேண்டும். ஒன்று பூஜ்யத்தில் கிடந்தால் பாடியில் உரசுகிறது. 12 அல்லது 24 காட்டினால் சப்ளை ஒயரோடு ஒட்டியிருக்கிறது.

இந்த இரண்டு ஒயரிலும் டெஸ்ட் லேம்ப் வைக்கவே வைக்காதீர்கள். ஊசியால் ஒயரைக் குத்தினால் அந்த ஓட்டையில் அடுத்த மழைக்கே தண்ணீர் இறங்கும். பக்கெட்டில் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியையும் ஈசியூ கப்ளரையும் கழற்றுங்கள். நல்ல ஈசியூ கெட்டுப்போவதற்கு வெல்டிங் ஒரு பெரிய காரணம்.

அறுந்த ஒயரைச் சேர்க்கும்போது பிரித்து நீட்டி விடாமல், அங்குலத்துக்கு ஒரு முறுக்கு என்ற கணக்கில் மறுபடி முறுக்கி, ஒட்டும் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். வெறும் கறுப்பு டேப் இந்த வெயிலுக்கு இளகிவிடும். முந்தைய உரிமையாளர் ஜிபிஎஸ்ஸுக்காக இழுத்து விட்டுப்போன ஒயர் தொங்கினால், அது வேலையில் இல்லையென்று உறுதி செய்துகொண்டு எடுத்துவிடுங்கள்.

சப்ளை, எர்த், ஓம், வோல்ட் நான்கும் சரியாக இருந்து, ஒரு கன்ட்ரோலர் மட்டும் பேசவில்லை என்றால்தான் அதன் மேல் சந்தேகம் கொள்ளலாம். அப்போதும் கம்பெனி சாஃப்ட்வேர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்; மாற்று ஈசியூவுக்கு அந்த வண்டிக்குரிய புரோகிராம் ஏற்ற வேண்டியிருக்கும், வாங்கி மாட்டினால் மட்டும் ஓடாது. பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களும் ஒரு மீட்டரைக் கையோடு கொண்டு போங்கள். 60 ஓம் வராத வண்டிக்கு, காரணம் தெரியும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.