நீருக்காக நிற்கும் நிலையம்

ஓர் இரயில் நிலையம் ஏன் தோன்றுகிறது? அங்கே ஊர் இருப்பதால் என்போம். நீலகிரி மலை இரயில் பாதையிலுள்ள ஹில்குரோவ் நிலையத்திற்கு இவ்விடை பொருந்தாது. அதைச் சுற்றி இருப்பது காடுதான்.

மேட்டுப்பாளையம் - குன்னூர் பாதை 1899-இல் திறக்கப்பட்டது. 1908-இல் உதகமண்டலம் வரை நீண்டது. கல்லாறு முதல் குன்னூர் வரை ஏற்றம் கடுமையானது. சில இடங்களில் 12 அடி சென்றால் ஓர் அடி உயர வேண்டும். சக்கரம் வழுக்காமலிருக்கத் தண்டவாளங்களின் நடுவே பற்சட்டங்கள் பதிக்கப்பட்டுள்ளன. எஞ்சினின் பற்சக்கரம் அவற்றைக் கவ்வி ஏறுகிறது. எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளுகிறது.

இத்தகைய ஏற்றத்தில் நீராவி எஞ்சினுக்கு நீர் விரைவில் தீர்ந்துவிடும். வழியில் நிரப்பியாக வேண்டும். ஹில்குரோவ் அதற்கான இடம். எஞ்சின் நீர் பிடிக்கும் நேரத்தில் பயணிகள் இறங்கித் தேநீர் அருந்துவர்.

2005-இல் யுனெஸ்கோ இப்பாதையை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. 16 சுரங்கங்கள், 250 பாலங்கள் என்று நாம் அதன் பெருமையைக் கணக்கிடுகிறோம். ஹில்குரோவ் அக்கணக்கில் வராது. ஆயினும் இப்பகுதியில் நீராவி எஞ்சின் ஓய்ந்துவிட்டால், இரயில் இங்கு நிற்கும் காரணமும் ஓய்ந்துவிடும். கட்டடம் இருக்கும், அதற்கு வேலை இருக்காது.

மரபுச்சின்னத்தைக் காக்க அதன் வேலையைத் தொடரவிட வேண்டும். பேசினால்தான் மொழி வாழும் என்று நம் பேரவையில் அடிக்கடி சொல்கிறோம். ஹில்குரோவின் நீர்க்குழாய் உணர்த்துவதும் அதுவே.